ஆயில் போட்டாச்சு

7 பிப்ரவரி 1999, ஞாயிறு

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. சூர்யா அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டான். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப் போகுமாம். அதைச் சரிசெய்ய என் தம்பி பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே இருந்தபோது தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

விமான் நகர் அறையைக் காலி செய்துவிட்டு மோட்டார் சைக்கிளை கட்கியில் நம் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினான். ஆகஸ்டில் திரும்புகிற வரை என் பொறுப்பு. சாவியைக் கொடுத்துவிட்டு, "வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கோ பெரியப்பா. இது கொஞ்சம் ஆயில் குடிக்கிற வண்டி. பாத்துப் பாத்துப் போடணும். எப்படிப் பாக்கறதுன்னா..." என்று ஆரம்பித்தான்.

நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். "இருபது வருஷமா ஸ்கூட்டர் ஓட்டறவனுக்கு ஆயில் பாடமா? நிம்மதியா போய்ட்டு வா."

"அவன் சொல்றதைக் காதுல வாங்கிண்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள் சரசா. இவளுக்கு எப்போதும் நான் தவிர மற்றவர்கள் சொல்வதுதான் சரி.

21 பிப்ரவரி

பஜார் வரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டரை விட உயரம். காலைத் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் ஓட்டம் வெண்ணெய்தான், சும்மா சொல்லக்கூடாது.

பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், ஸ்கூட்டருக்காக வாங்கி வைத்திருக்கும் ஆயில் பாக்கெட்டில் ஒன்றைப் பல்லால் கிழித்து டாங்க்கில் பிழிந்தேன். கிளப்பினால் பின்னால் நீலமாகப் புகை. மேல் வீட்டு மராட்டிக்காரி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். எனக்கு அந்தப் புகை வாசனை பிடிக்கும். ஆயில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

7 மார்ச்

வைஷு மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அம்மாவிடம் கேட்டாளாம், "காலை அகட்டிண்டு ஆம்பளை மாதிரி போகணுமாக்கும்" என்று பதில் வந்ததாம். அதனால் என்னிடம் வந்தாள். இருபத்தொரு வயதாகிறது, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தாகிவிட்டது, இன்னும் அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவிடம் ஐஸ்கிரீம் கேட்கிற முகம்.

சரசா பஜனைக்குப் போனதும் கிரவுண்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நான் பின்னால் ஓடவேகூட இல்லை. இரண்டு தடவை அணைந்தது, மூன்றாவது தடவை போய்விட்டாள். எனக்கே ஒரு மாதம் ஆயிற்று ஸ்கூட்டர் பழக.

"அப்பா, எப்படி இருக்கு பாத்தேளா? ஏக்தம் ஸ்மூத், அப்படியே வழுக்கிண்டு போறது."

பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

28 மார்ச்

சூர்யா போன் பண்ணினான். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது.

"வண்டி எப்படி இருக்கு பெரியப்பா? ஆயில் போடறேளா?"

"போடாம? ஒவ்வொரு தடவையும் தவறாம போடறேன்."

"அப்பாடா. அது ஒண்ணுதான் கவலையா இருந்தது."

பெரியவர்களிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் இப்படித்தான் நிம்மதியாக இருக்க வேண்டும்.

11 ஏப்ரல்

வைஷுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஹடப்சரில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேப். ஜூன் நடுவில் சேர வேண்டும். சரசா பாயசம் வைத்தாள். பாதி சாப்பிடும்போதே, "கட்கி எங்கே, ஹடப்சர் எங்கே? ரெண்டு பஸ் மாறணும். கல்யாணம் ஆகற வரைக்கும் பக்கத்துல ஏதாவது பாத்துக்கப்படாதா" என்று தொடங்கினாள். அப்போதுதான் மோட்டார் சைக்கிள் விஷயத்தை அவிழ்த்து விட்டோம். திட்டு பலமாக விழுந்தது. கடைசியில், "கொஞ்ச நாள் பக்கத்துல ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று இறங்கி வந்தாள். சரசா இறங்கி வருவது லேசில் நடக்கிற காரியமா?

வண்டியில் கொஞ்சம் கடகட சத்தம் வருகிறது என்றாள் வைஷு. வெயில் காலம், எஞ்சின் சூடு என்றேன்.

17 ஏப்ரல், சனி

வைஷு விழுந்துவிட்டாள். உயிருக்கு ஒன்றும் இல்லை.

18 ஏப்ரல்

இப்போதுதான் எழுத முடிகிறது. பிம்ப்ரியில் இருக்கும் தன் சிநேகிதி தீப்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள். கசார்வாடியில், மும்பை ரோட்டில், நல்ல போக்குவரத்து நேரம். வண்டி அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த டெம்போக்காரன் சமயத்தில் நிறுத்திவிட்டான். அவன் நிறுத்தாமல் இருந்திருந்தால் — வேண்டாம்.

வலது மணிக்கட்டு முறிவு. முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அழவில்லை. படபடவென்று பேசினாள்.

"நான் பிரேக்கையே தொடலை அப்பா. சச்சி, நிஜமாவே. நாற்பதுலதான் போயிண்டிருந்தேன். பின்சக்கரம் தானாவே நின்னுடுத்து. ஏக்தம் பிடிச்சுண்டுடுத்து."

"தானா எப்படிம்மா நிக்கும்?" என்றேன் நான். "வேகமா போயிருப்பே. பயத்துல பிரேக்கை அழுத்தியிருப்பே. உனக்கே ஞாபகம் இருக்காது."

சரசா தலையில் அடித்துக்கொண்டாள். "தலைபாடா அடிச்சுண்டேன், கேட்டேளா ரெண்டு பேரும்?"

வண்டியை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஜம்பு என்கிற தமிழ் மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் தள்ளி வைத்திருக்கிறார்களாம். ஆற்காட்டுக்காரன்.

20 ஏப்ரல்

பாங்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டு கசார்வாடி போனேன்.

ஜம்பு வாய் ஓயாமல் பேசுகிறவன். ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே எஞ்சினுக்கு அடியில் ஒரு தகர டப்பாவைத் தள்ளிவிட்டு போல்ட்டைக் கழற்றினான். எண்ணெய் தெறிக்கும் என்று நான் செருப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஒன்றும் கொட்டவில்லை. தார் மாதிரி ஒரு சொட்டு பாதி இறங்கி அப்படியே நின்றது.

"இன்னா சார், ஆயிலே இல்லியே. எஞ்சின் ஜாம் ஆயிருக்குது. ஓடும்போதே புடிச்சிக்கினா பின்சக்கரம் லாக்கு. பாப்பா இன்னா பண்ணும் பாவம்?"

"ஆயில் போட்டேனேப்பா. ஒவ்வொரு தடவையும் போட்டேன்."

"எங்க ஊத்துனீங்க?"

"டாங்க்லதான். பெட்ரோலோட. வேற எங்க ஊத்துவா?"

ஜம்பு சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். பெட்ரோலில் கலப்பது ஸ்கூட்டருக்குத்தானாம். இந்த வண்டிக்கு எஞ்சின் வயிற்றிலேயே தனியாக ஆயில் இருக்குமாம். அதைத்தான் திறந்து பார்த்து, குறைந்தால் அங்கேயே ஊற்ற வேண்டுமாம். நான் ஊற்றியதெல்லாம் புகையாய்ப் போயிற்று. உள்ளே இருந்தது எரிந்து எரிந்து தீர்ந்தபோது வந்ததும் அதே நீலப் புகைதான். நான் சந்தோஷமாக முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

"எப்படிப் பாக்கறதுன்னா" என்று சூர்யா ஆரம்பித்தானே.

ஜம்பு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வுடுங்க சார். வுழுந்ததுல எஞ்சின் அடி வாங்கிருச்சுன்னு சொல்லிக்கலாம். பாப்பாவும் புதுசா ஓட்டுது, யாரு கேக்கப் போறாங்க?"

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நாளாகும் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

21 ஏப்ரல்

இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வலி அதிகம். இன்று வேண்டாம்.

24 ஏப்ரல்

இன்று வலி குறைவு. இன்றும் சொல்லவில்லை.

2 மே, ஞாயிறு

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு. கோவில் கமிட்டி பக்தவத்சலம் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "பொண்ணுகளுக்கு ஸ்பீடு ஜட்ஜ்மெண்ட் வராது சார்" என்றார். அவர் இதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. வைஷு ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, பிரேக் தொடவில்லை, சக்கரம் தானாக நின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் உதட்டைப் பிதுக்கி, சின்னப் பெண், விடுங்கள் என்பது போல ஒரு முகம் வைத்துக்கொள்வேன். அந்த முகம் நன்றாகவே பழகிவிட்டது.

மத்தியானம் சூர்யாவின் போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வைஷு எப்படி இருக்கா? என்ன ஆச்சு பெரியப்பா?"

அவள் இதே ஹாலில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன்: "புதுசு பாரு. கொஞ்சம் வேகமா போயிட்டா."

வாய் தானாகச் சொல்லிற்று. இல்லை, தானாக எதுவும் நடப்பதில்லை என்று அவளுக்குச் சொன்னவன் நான்தானே. நான்தான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். சாயங்காலம் வந்தவர்களிடம் பிரேக் பற்றி எதுவும் சொல்லவில்லை.

3 மே

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அந்த ரூமில் படுத்திருக்கிறது. பாவம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்திருக்கிறது.

16 மே

வண்டி திரும்பி வந்துவிட்டது. இனிமேல் ஒரு சொட்டு குறையக் கூடாது என்று சபதம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எஞ்சின் பக்கத்து மூடியைத் திருகி, அதோடு வருகிற குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆயில் குச்சியின் நுனியைக்கூடத் தொடவில்லை. ஜம்பு கொடுத்தனுப்பிய ஆயில் டப்பாவில் மிச்சமிருந்ததை எல்லாம் ஊற்றினேன். மறுபடி பார்த்தேன், அப்போதும் போதாத மாதிரி இருந்தது. கடைக்கு ஓடிப்போய் இன்னொரு டப்பா வாங்கி வந்து ஊற்றினேன்.

கிளப்பிய பிறகு தெரு முழுக்கப் புகை. எங்கிருந்தோ ஆயில் கசிந்து வாசல் கோலத்தின் மேல் ஓடியது. சரசா துடைப்பத்தோடு வந்து நின்றாள். ஜம்புவுக்கு போன் பண்ணினேன்.

"சைடு ஸ்டாண்டுல சாச்சு வெச்சிக்கினு பாத்தீங்களா? ஆயிலு அந்தப் பக்கம் ஓடிப்பூடும் சார். நேரா நிக்க வெச்சு பாக்கணும். கேஜைத் துடைச்சுட்டு, முறுக்காம சும்மா வெச்சு எடுங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா போதும். நெறைஞ்சாலும் கெடுதிதான்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையும் கிழக்கு எது என்று தெரியாமல் செய்திருக்கிறேன்.

வைஷு ஜன்னல் வழியாக இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அப்பா இவ்ளோ ஆயில்?" என்றாள். சும்மாதான் என்றேன்.

6 ஜூன்

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய் சரசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. முடிவில், "அவகிட்ட சொல்லிட்டேளா?" என்று கேட்டாள்.

"இல்லை. சொல்லணும்."

"சொல்லி? உடனே மறுபடியும் அதுல ஏறுவா. இப்பத்தான் பயந்து அடங்கிக் கிடக்கா. பகவானாப் பண்ணின நல்லதுன்னு வாயை மூடிண்டு இருங்கோ." நறுக்கியதைத் தண்ணீரில் போட்டுவிட்டு அவளே மறுபடி, "எங்கிட்ட ஏன் சொன்னேள்? இனிமே நானும்னா பொய் சொல்லணும்" என்றாள்.

பாதிப் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். பாரம் இறங்கவில்லை, ஆள்தான் ஒன்று கூடிற்று.

14 ஜூன், திங்கள்

வைஷுவின் முதல் நாள் வேலை. மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினாள். ஸ்டேஷனில் பஸ் மாறி, மறுபடி ஹடப்சர் பஸ். நின்றுகொண்டே போனாளாம். மணிக்கட்டு வலியில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் தொங்கிக்கொண்டு போனாளாம்.

மோட்டார் சைக்கிள் வாசலில் மழைக்கு உறை போட்டு நிற்கிறது. உள்ளே ஆயில் சரியான அளவில் இருக்கிறது. அது யாருக்கு என்ன பிரயோஜனம்?

29 ஜூன்

லேட்டாகப் போனதற்கு இரண்டாவது தடவையாக எச்சரித்திருக்கிறார்கள்.

11 ஜூலை

வண்டியில் போயேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ஓட்ட வராது அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மார்ச் மாதம் மூன்றாவது முயற்சியில் காற்றாய்ப் போன பெண்.

18 ஜூலை, ஞாயிறு

இன்று செய்ததை எழுதாமல் விட்டால் நான் மனுஷன் இல்லை.

டிபன் ஆனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்லிக் கொடுங்கோ. பிரேக் எப்படிப் பிடிக்கணும்? தினம் பஸ்ல அதையேதான் யோசிச்சுண்டு போறேன். காலை வெச்சேனா, வெக்கலையான்னு. எனக்கே தெரியலை இப்போ."

இதைவிட நல்ல சமயம் பகவான் யாருக்குக் கொடுப்பார்? வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன்? முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். ரோடு ஈரமாக இருந்தால் பின் பிரேக்கை அழுத்தக் கூடாது என்று சொன்னேன். கியர் குறைத்து வேகத்தைத் தணிப்பது எப்படி என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் செய்துகூடக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "ஓ, அப்போ நான் பின்னாடி மட்டும் பிடிச்சிருப்பேன்" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஏன்டா இப்படிச் சொன்னே? யாருக்குப் பயந்து? அடிக்கப் போறாளா? "எங்கப்பாவுக்கு வண்டி பத்தி எல்லாம் தெரியும்"னு தீப்திகிட்ட சொல்லிண்டு திரிவாளே, அது போயிடும்னுதானே? அது போகாம இருக்கறதுக்காகக் குழந்தைய முட்டாளாக்கறியே.

சரசா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

8 ஆகஸ்ட்

வேலையை விடப் போகிறேன் என்கிறாள் வைஷு. இந்த மாதம் முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிடுவாளாம். சரசா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நல்ல வேலைடி, அவசரப்படாதே" என்றாள்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

சூர்யா திரும்பி வந்துவிட்டான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம். சாக்லேட், சென்ட், எனக்கு ஒரு டார்ச். சரசா வெண்டைக்காய் மோர்க்குழம்பு பண்ணியிருந்தாள். நால்வரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வைஷு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணா, உன் வண்டியை நான் கெடுத்துட்டேன். சாரி. ரொம்ப வேகமா போயிட்டேன். எழுபது இருக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடிச்சுட்டேன்."

நாற்பதில் போனவள். பிரேக்கையே தொடாதவள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தோடு படுத்துக்கொண்டு அவள் சொன்னதுதான் நிஜம். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தனியாளாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்கிவிட்டு, கையில் ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறோம். இப்போது அதைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்து நீட்டுகிறாள்.

"அவ வேகமாப் போகலை" என்றேன். "எஞ்சின்ல ஆயில் இல்லை. ஜாம் ஆயிடுத்து. நான் ஆயிலைப் பெட்ரோல் டாங்க்ல ஊத்திண்டிருந்தேன், ஸ்கூட்டருக்கு ஊத்தற மாதிரி. நீ போன்ல கேட்டபோது போடறேன்னு சொன்னது அதைத்தான். இவ மேல ஒரு தப்பும் இல்லை. சக்கரம் தானாத்தான் நின்னது."

சூர்யா கொஞ்சம் திகைத்தான். பிறகு நல்ல பையன் மாதிரி, "போறது பெரியப்பா, எஞ்சின்தானே. நான்தான் சரியாச் சொல்லிட்டுப் போகலை" என்றான். மன்னிப்பு அவ்வளவு சுலபமாக வந்தது, வரவேண்டாத இடத்திலிருந்து.

வைஷு கேட்டாள்: "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அந்த வாரமே. ஜம்பு ஒர்க்‌ஷாப்ல."

"ஜூலைல எனக்கு பிரேக் சொல்லிக் கொடுத்தேளே. அப்போவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சரசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, உனக்கும் தெரியுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள் வைஷு. சரசா தன் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

23 ஆகஸ்ட்

பேசவில்லை.

29 ஆகஸ்ட்

அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "தோசை ரெடின்னு சொல்லு" என்று எனக்கு அவள் மூலமாகத் தகவல் வருகிறது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை இப்போது அப்பா என்று கூப்பிடுவதே இல்லை.

மன்னிச்சுக்கோ என்று போய் நின்றேன். "சரி" என்றாள். லேப்பில் அவள் பரிசோதித்து ஒதுக்கி வைக்கிற பாட்டில் மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி ஒரு 'சரி'.

வேலையை மட்டும் விடவில்லை. எழுதி வைத்திருந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். சரசா சொன்னாள்.

12 செப்டம்பர்

சூர்யாவுக்கு பெங்களூருக்கு மாற்றலாம். வண்டியை வைஷுவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டான். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு நேற்றுச் சாயங்காலம் தானாகவே வெளியே போய் அதன் மேல் உட்கார்ந்தாள். கிளப்பினாள். எஞ்சின் ஓடுகிறது, அவள் கிளட்சை விடவே இல்லை. இடது கை விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

நிஜத்தைச் சொல்லிவிட்டால் பழைய வைஷு திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். பயம் உள்ளே குடி வந்து வாடகை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. காலி பண்ணு என்றால் உடனே போகுமா?

19 செப்டம்பர்

பிள்ளையார் ஊர்வல டிரம் சத்தம் காது கிழிகிறது. காலையில் அது தொடங்குவதற்கு முன்பே தீப்தி வந்து, இருவரும் கிரவுண்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் பின்னால் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் இப்போது நான் செய்யக்கூடியது.

3 அக்டோபர்

வைஷு வண்டியை நேராக ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே உட்கார்ந்து, மூடியைத் திருகிக் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழந்துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"நானே பாத்துக்கறேன்."

திரும்பி வந்து பேப்பரைப் பிரித்தேன். அவள் குச்சியை முறுக்காமல், சும்மா வைத்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்தியாகவில்லை போலிருக்கிறது. மறுபடி துடைத்து மறுபடி பார்த்தாள். யார் சொன்னதையும் நம்பாமல் தானே பார்க்கிறாள். அதை அவளுக்கு நான்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன், வேறு விதமாக.

6 அக்டோபர்

ஹடப்சர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்துவிட்டாள். சரசா காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். திரும்பி வந்ததும், "காலை அலம்பிண்டு வா, பஜ்ஜி போடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

15 அக்டோபர், வெள்ளி

கொலு. கட்கியில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அத்தனையும் இன்று எங்கள் ஹாலில்தான். கொண்டைக்கடலைச் சுண்டல். பாட்டுப் பாடச் சொன்னால் யாருக்கும் முழுதாக ஒரு பாட்டு வரவில்லை.

தர்மாம்பாள் மாமி வந்திருந்தாள். கட்கியில் யார் வீட்டில் என்ன என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே மாமிக்குத் தெரிந்துவிடும். வைஷு சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி, வேகமாப் போய் விழுந்து கையை உடைச்சுண்டியே, மறுபடியும் மோட்டார் சைக்கிள்லதான் வேலைக்குப் போறியாமே? புத்தி வேண்டாமோ?"

நான் வாசல் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். பழைய முகம், உதடு பிதுக்குகிற முகம், தானாக வந்து உட்காரப் பார்த்தது.

வைஷு அடுத்த தொன்னையில் சுண்டலைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் வேகமாப் போகலை மாமி. எஞ்சின்ல ஆயில் இல்லை. எங்கப்பா போட மறந்துட்டா."

மறக்கவில்லை, தப்பான இடத்தில் போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததன் முன்னால் இது ஒரு தூசு. மற்றதை அவள் சொல்லவில்லை. சபையில் என்னை அதோடு விட்டுவிட்டாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "மறக்கலை மாமி" என்றேன். "எங்கே போடணும்னு தெரியாம போட்டேன். தெரிஞ்ச அப்புறமும் சொல்லாம, பழியை இவ மேல விட்டுட்டு நாலு மாசம் சும்மா இருந்தேன். குழந்தை அன்னிக்கே சொன்னதுதான் நிஜம்."

நாளைக்குள் கட்கி முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

வைஷு என்னிடம் வந்தபோது கையில் ஒரு தொன்னையைக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் போனாள். நான் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மாமியிடம் அவள் சொன்னது 'எங்கப்பா'. ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் சொன்னாள்.